அலமாரி நிறையத் துணி, உடுத்த ஒன்றும் இல்லை: ஸ்லோ ஃபேஷனை எங்கிருந்து தொடங்குவது?

மடிப்பு_கலையாதவள்:

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அலமாரியை ஒழிக்கிறேன் பேர்வழி என்று இருந்த துணி முழுவதையும் கட்டிலில் கொட்டி எண்ணினேன். உள்ளாடை, சாக்ஸ், வீட்டில் போடும் துணி எதையும் சேர்க்காமல் 117 வந்தது. அதில் 9-க்கு விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. ஒன்றுக்கொன்று வித்தியாசம் சொல்ல முடியாத கறுப்பு டாப் மட்டும் 6. இத்தனை இருந்தும் காலையில் கிளம்பும்போது கை போவது அதே நாலைந்துக்குத்தான், மிச்சமெல்லாம் அதன் மேல் சரிந்து விழுந்துகொண்டே இருக்கிறது.

கொஞ்ச நாளாக ஸ்லோ ஃபேஷன் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன், அதாவது கொஞ்சமாக வாங்கி, வாங்கியதை நீண்ட நாள் உடுத்துவது. 2013 ஏப்ரலில் டாக்கா அருகே துணி தைக்கும் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தபோது அதை ஒரு செய்தியாகப் பார்த்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். இப்போது படித்தபோதுதான் தெரிகிறது, முந்தின நாளே கட்டடத்தில் விரிசல் விட்டிருக்கிறது, கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள், மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு அந்த 6 கறுப்பு டாப்பைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

என் திட்டம் இதுதான்: இருப்பதை எல்லாம் மூட்டை கட்டி எங்காவது தானமாகக் கொடுத்துவிட்டு, நல்ல லினன், ஆர்கானிக் பருத்தி என்று ஒரு 30 உருப்படி மட்டும் வாங்கி அதையே பல வருடம் உடுத்துவது. இணையக் கடையில் 14 துணி கூடையில் போட்டும் வைத்துவிட்டேன், எல்லாம் மணல் நிறம், வெள்ளை, சாம்பல். ஆர்டர் போடும் முன் அனுபவப்பட்டவர்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன். இது சரியான வழியா? நல்ல துணியை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம் ராத்திரி 11 மணிக்கு தூக்கம் வராமல் போனைத் தடவும்போது தானாக ஆர்டர் விழுந்துவிடுகிறது, அதற்கு மருந்து இருந்தாலும் சொல்லுங்கள்.


பழசே_போதும்:

முதல் வேலையாக அந்தக் கூடையைக் காலி செய்யுங்கள். கோபப்படாதீர்கள், நீங்கள் விழப் பார்க்கிற குழியில் நான் ஏற்கெனவே விழுந்து எழுந்தவன்.

நாலு வருடம் முன்னால் நானும் இதையே செய்தேன். இருந்ததை எல்லாம் இரண்டு பெரிய பையில் கட்டிக் கொடுத்துவிட்டு, 33 உருப்படி எண்ணி வாங்கினேன், எல்லாம் நீங்கள் சொல்கிற அதே மணல் நிறம். எனக்கு மணல் நிறம் ஒத்துவராது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது, கண்ணாடியில் பார்த்தால் நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மாதிரி இருந்தேன். எட்டே மாதத்தில் அலுத்துப்போய் மறுபடி நீலமும் பச்சையுமாக வாங்க ஆரம்பித்தேன். கடைசியில் ஒரே வருடத்தில் நான் வாங்கிய துணி, அதற்கு முந்தைய மூன்று வருடத்தில் வாங்கியதைவிட அதிகம். இதற்குப் பெயர் ஸ்லோ ஃபேஷனாம்!

இப்படிக் கொஞ்சம் துணியோடு நிறுத்திக்கொள்ளும் கேப்சூல் வார்ட்ரோப் என்ற பேச்சைப் பரப்பியவர் 1970-களில் லண்டனில் கடை வைத்திருந்த சூசி ஃபோ என்பவர். ஒன்றோடொன்று சேரும் நல்ல துணி கொஞ்சம் இருந்தால் போதும் என்பதுதான் அவர் சொன்னது. 33 என்ற எண்ணும் வெளிறிப்போன நிறங்களும் பின்னால் ஒட்டிக்கொண்டவை. ஸ்லோ ஃபேஷன் என்ற சொல்லையே 2007 வாக்கில் கேட் ஃபிளெச்சர் என்ற ஆய்வாளர்தான் எழுதிப் பரப்பினார், அவரும் பழசைத் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கச் சொல்லவில்லை.

பொருளைத் தூக்கிப்போடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று வேலை செய்யும் எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-ல் ஒரு அறிக்கை போட்டது. 15 வருடத்தில் உலகத்தில் துணி உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது, அதே காலத்தில் ஒரு துணியைத் தூக்கிப்போடும் முன் உடுத்துகிற தடவை 36 சதவீதம் குறைந்துவிட்டது என்கிறது. அதாவது நாம் வாங்குவதும் கூடிப்போச்சு, வாங்கியதை உடுத்துவதும் குறைந்துபோச்சு. உங்களிடம் இருக்கும் 117-க்கான பருத்தி விளைந்தாகிவிட்டது, சாயம் போட்டாகிவிட்டது, ஒருவர் உட்கார்ந்து தைத்தும் ஆகிவிட்டது. அதை அனுப்பிவிட்டு லினன் வாங்கினால் அந்த வேலையெல்லாம் இன்னொரு தடவை நடக்கும், அவ்வளவுதான்.

அதனால் நான் இரண்டாவது தடவை செய்ததைச் சொல்கிறேன். எல்லா ஹேங்கரையும் கொக்கி உங்களைப் பார்த்தபடி தலைகீழாக மாட்டுங்கள். ஒன்றை உடுத்தித் துவைத்துத் திரும்ப மாட்டும்போது மட்டும் கொக்கியைச் சரியான பக்கம் திருப்புங்கள். மூன்று மாதம் எதையும் வாங்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்துத் திரும்பாத கொக்கி எத்தனை என்று பாருங்கள். எனக்கு அதில் கிடைத்த பெரிய பாடம் நிறம் பற்றியது இல்லை, பாக்கெட் பற்றியது: பாக்கெட் இல்லாத எந்தப் பேன்ட்டையும் நான் தொடவே இல்லை. இது தெரியாமல் எத்தனை வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

11 மணி வியாதிக்கு: கடைச் செயலியில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். எழுந்து போய்ப் பர்ஸை எடுத்து 16 எண்ணையும் தட்டும் சோம்பேறித்தனமே பாதி ஆர்டரைத் தடுத்துவிடும்.


ஊசிமுனை:

நான் ஏற்றுமதித் துணி சோதிக்கும் வேலையில் 19 வருடம் இருந்தவள், இப்போது வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறேன். நல்ல துணியை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன், மற்றதை மேலே தம்பி நன்றாகவே சொல்லிவிட்டார்.

விலையைப் பார்க்காதீர்கள். ஒரே வரிசையில் ஒரே கை தைத்த சட்டைக்கு இரண்டு வேறு லேபிள் ஏறி, ஒன்று மலிவுக் கடைக்கும் இன்னொன்று கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கும் போனதை நானே பார்த்திருக்கிறேன். சட்டையைக் கையில் எடுத்ததும் உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டுங்கள். வெளிப்பக்கம் பொய் சொல்லும், உள்பக்கம் சொல்லாது. தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அரை அங்குலம் இருந்தால் நாளைக்கு உடம்பு கொஞ்சம் கூடினாலும் பிரித்துவிடலாம். ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் சுற்றி அடிக்கும் மெஷின் தையல்) அடித்து ஒட்ட வெட்டியிருந்தால் அந்தச் சட்டை உங்களோடு வளராது. பிறகு ஒரு அங்குலத்தில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நல்ல சட்டையில் 10, 12 இருக்கும். 7, 8 தான் என்றால் மெஷினை வேகமாக ஓட்டிப் பணம் மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டம் போட்ட துணியாக இருந்தால் பாக்கெட்டின் கட்டமும் அதன் பின்னால் இருக்கும் துணியின் கட்டமும் சேர்கிறதா என்று பாருங்கள், சேர வேண்டுமென்றால் வெட்டும்போதே துணி கூடுதலாகச் செலவாகும். அதற்கு மனசு வந்தவர்கள் மற்றதிலும் பெரும்பாலும் கையைச் சுருக்க மாட்டார்கள்.

டி-ஷர்ட்டுக்கு ஒரு தனி ஏமாற்று இருக்கிறது. வாங்கும்போது நேராக இருக்கும். இரண்டு தடவை துவைத்ததும் இடுப்புப் பக்கத் தையல் மெல்ல நகர்ந்து வயிற்றுக்கு வந்துவிடும். நூலில் ஏற்றிய முறுக்கு முழுக்க அடங்காமல் பனியன் துணியாகப் பின்னியதால், தண்ணீர் பட்டதும் நூல் தன் பாட்டுக்குத் திரும்புகிறது. கடையிலேயே தோள் இரண்டையும் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள், கீழே இரண்டு பக்கத் தையலும் ஓரத்திலேயே நின்றால் பாதிக் கவலை இல்லை. நின்றாலும் துவைக்கும் வரை முழுசாக நம்ப முடியாது என்பது வேறு விஷயம்.

துணி உருண்டை உருண்டையாகப் பிசிர் கட்டுவது பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். இழை குட்டையாக இருந்தால் அதன் நுனிகள் மேலே வந்து உரசி உரசிச் சிக்கிக்கொள்ளும். சுத்தப் பருத்தியில் அந்த உருண்டை சில நாளில் தானாக உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த இழை வலுவானது, உருண்டையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதிக்குப் பாதி கலந்த சட்டை ஒரு வருடத்தில் பழசாகத் தெரிவதற்கு இதுதான் காரணம், கிழிந்தே இருக்காது, ஆனால் போட மனசு வராது. அதற்காகப் பாலியஸ்டர் என்றாலே பாவம் என்று நினைக்க வேண்டாம். மழைக்கோட்டுக்கு அது வேண்டும்தான்.

ஆர்கானிக் என்று பச்சை இலைப் படம் மட்டும் போட்டிருந்தால் அது வெறும் படம். காட்ஸ் (GOTS) என்ற, ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரை வாங்கவே 70 சதவீதமாவது ஆர்கானிக் இழை வேண்டும், ஆர்கானிக் என்றே லேபிளில் எழுத 95 வேண்டும்.


கணக்குப்பிள்ளை_9:

எனக்கு இந்தப் பேச்சே கொஞ்சம் ஒத்துவரவில்லை, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லோ ஃபேஷன் லேபிள் போட்ட ஒரு சட்டை விலையில் சாதாரணச் சட்டை ஐந்து வாங்கலாம். "தடவைக் கணக்கு போட்டால் மலிவு" என்பார்கள். சரி, 150 தடவை உடுத்தினால் மலிவுதான், ஆனால் முதல் தடவைக்கான காசு முழுசாகக் கையில் இருக்க வேண்டுமே? மாதக் கடைசியில் பையனுக்குப் பள்ளிக்கூடக் கால்சட்டை சின்னதாகிவிட்டது என்று வந்து நிற்கும்போது எனக்குத் தடவைக் கணக்கு எல்லாம் தோன்றாது.

இன்னொன்று, நான் பருமனானவன். பழைய துணிக் கடையில் என் அளவு கிடைக்காது. இந்த நல்லெண்ணக் கம்பெனிகள் பலவும் எனக்கு இரண்டு அளவு முன்னாலேயே நிறுத்திவிடுகின்றன. எனக்குப் பொருந்துகிற சட்டை எங்கே கிடைக்கிறதோ அங்கே வாங்குகிறேன், அது மலிவு விலையில் அடிக்கடி புதுசு புதுசாக இறக்கும் ஃபாஸ்ட் ஃபேஷன் கடையாக இருந்தால் நான் குற்றவாளியா? வாரம் நாலு புதுத்துணி வாங்கிப் படம் போடுகிறவர்களை விட்டுவிட்டு, வருடத்துக்கு மூன்று சட்டை வாங்குகிறவனைப் பிடித்து உபதேசம் செய்கிற மாதிரி இருக்கிறது.


பழசே_போதும்:

நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டால் இங்கே எழுதியவர்களிலேயே ஸ்லோ ஃபேஷன்காரர் நீங்கள்தான் சார். வருடத்துக்கு மூன்று சட்டை வாங்கி நைந்து போகும் வரை உடுத்துகிறவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. லேபிளை வைத்துப் பேசுவதால் வருகிற குழப்பம் இது. மலிவுக் கடைச் சட்டையை ஆறு வருடம் உடுத்துகிறவர் ஒரு பக்கம், அந்த 14 லினனை இரண்டு தடவை உடுத்திவிட்டு அலுத்துப்போகிறவர் இன்னொரு பக்கம். (மடிப்பு அவர்களே, உங்களைச் சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன்.)

ஆனால் அளவு விஷயத்தில் நீங்கள் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. தைத்துப் போடுவது ஒரு வழி, அதற்கும் நல்ல தையல்காரர் அமைய வேண்டும்.


மூட்டை_பிரிப்பவன்:

தானம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ஒரு தொண்டு அமைப்பின் கிடங்கில் இரண்டு வருடம் வாரக் கடைசிகளில் வந்த துணியைத் தரம் பிரித்திருக்கிறேன். மூட்டையை அவிழ்த்ததும் முதலில் மூக்குதான் வேலை செய்யும். ஈரம் காயாமல் கட்டிய ஒரு துண்டு இருந்தால் போதும், மூட்டை முழுவதும் பூஞ்சை பிடித்துவிடும், அதில் நல்ல கோட் இருந்தாலும் சேர்ந்து குப்பைக்குத்தான். ஒற்றைக்கால் சாக்ஸ், ஜிப் பிடுங்கிய பேன்ட், அக்குள் மஞ்சளான சட்டை எல்லாம் வரும். கொடுத்தவர் புண்ணியம் செய்த திருப்தியோடு போயிருப்பார்.

மிஞ்சியது கட்டுக்கட்டாக அழுத்தி விற்பனைக்குப் போகும். கானாவின் அக்ரா நகரில் காந்தமாந்தோ என்ற பெரிய பழந்துணிச் சந்தை இருக்கிறது. அங்கே வியாபாரிகள் கட்டைப் பிரித்துப் பார்க்காமலேயே காசு கொடுத்து வாங்க வேண்டும், உள்ளே விற்கத் தகாதது இருந்தால் நட்டம் அவர்களுக்கு. அங்கே இந்தத் துணிக்கு வழங்குகிற பெயரே "செத்த வெள்ளைக்காரன் துணி", இவ்வளவு நல்ல உடுப்பை உயிரோடு இருப்பவன் கொடுப்பானா என்ற நினைப்பில் வந்த பெயர். இப்போது வருகிறதைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தாது. விற்காதது சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போகிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கொட்டிக் கிடக்கும் துணி மலைப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதில் விலைச்சீட்டு கிழிக்காதவையும் உண்டு.

"மறுசுழற்சி செய்துவிடுவார்களே" என்று நினைக்காதீர்கள். பழைய துணியிலிருந்து மறுபடி துணியாக மாறுவது 1 சதவீதத்துக்கும் கீழே, மேலே சொன்ன அதே 2017 அறிக்கையில் இருக்கிறது. கலப்பு இழையைப் பிரிப்பது லேசான வேலை இல்லை.

ஆகவே 117-ஐயும் மூட்டை கட்ட வேண்டாம். அந்த விலைச்சீட்டு கிழிக்காத 9-ஐத் தெரிந்தவர்களிடம் காட்டி, வேண்டும் என்று வாய்திறந்து சொல்பவருக்குக் கொடுங்கள். மற்றதைத் துவைத்து, காயவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள். நாம் போட்டுக்கொள்ளக் கூசுகிற ஒன்றை இன்னொருவருக்குக் கொடுப்பது தானத்தில் சேராது, தரைத் துடைக்கும் துணியாகவாவது அது வீட்டிலேயே உழைக்கட்டும்.


மடிப்பு_கலையாதவள்:

எல்லாருக்கும் நன்றி, திட்டியவர்களுக்கும் சேர்த்து. ஏழு வாரம் ஆகிறது, சொன்ன மூன்று மாதம் இன்னும் முடியவில்லை, ஆனாலும் ஒரு தகவல் சொல்லலாம் என்று வந்தேன்.

கூடையைக் காலி செய்துவிட்டேன். கார்டு எண்ணையும் அழித்துவிட்டேன், நடுவில் ஒரு ராத்திரி எழுந்து போய்ப் பர்ஸை எடுத்தது உண்மை, அதை மறைக்க விரும்பவில்லை. வாங்கியது ஒரு சாம்பல் நிற மேல்கோட்டு, அதைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது.

இதுவரை திரும்பிய கொக்கி 31. எனக்குத் தெரிந்தது என்னவென்றால், கை மடித்துவிட முடியாத எதையும் நான் உடுத்துவதில்லை. அந்த 6 கறுப்பு டாப்பையும் ஊசிமுனை அக்கா சொன்ன மாதிரி புரட்டிப் பார்த்தேன். இரண்டில் பக்கத் தையல் ஏற்கெனவே வயிற்றுக்கு வந்து நிற்கிறது, நான் இத்தனை நாள் என் இடுப்புதான் கோணல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றில் மட்டும் அக்குளில் ஒரு விரல் நுழையும் அளவு ஓட்டை. இது பனியன் துணி இல்லை, சாதாரணப் பருத்தி. ஊசி பிடித்துப் பள்ளிக்கூடத்தில் பழகியதோடு சரி. இதைச் சரிசெய்ய முடியுமா அக்கா?


ஊசிமுனை:

முடியும். முதலில் தையல் விட்டதா, துணியே நைந்ததா என்று பார்க்க வேண்டும். தையல் மட்டும் விட்டிருந்தால் உள்பக்கம் புரட்டி, விட்ட இடத்துக்கு ஒரு அங்குலம் முன்னாலேயே தொடங்கிப் பின்தையல் போட்டு, ஒரு அங்குலம் தாண்டி முடியுங்கள். பத்து நிமிட வேலை.

துணி நைந்திருந்தால் ஒட்டுத்தான். அதே சட்டையின் கீழ் மடிப்பிலிருந்தோ, பாக்கெட் இருந்தால் அதன் பின்பக்கத்திலிருந்தோ ஒரு துண்டு எடுங்கள், நிறமும் கனமும் சேரும். ஓட்டையைச் சுற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மெலிந்துபோன இடம் தெரியும், அதையும் தாண்டி அரை அங்குலம் வருகிற அளவுக்குத் துண்டு இருக்க வேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மையாக விட்டால் நாலு சலவையில் மூலை கிளம்பி உடம்பில் உறுத்தும். உள்பக்கம் வைத்து இஸ்திரி போட்டுப் படியவிட்டு, ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல், பிறகு ஓட்டையின் ஓரத்தை ஒட்டோடு சேர்த்து இன்னொரு சுற்று. நூலை இழுத்துக் கட்டாதீர்கள், கையைத் தூக்கும்போது அந்த இடம்தான் முதலில் இழுபடும், இறுக்கித் தைத்தால் பக்கத்தில் புதுசாகக் கிழியும்.

தைத்த பிறகு குளிர்ந்த தண்ணீரில், உள்பக்கம் வெளியே வைத்துத் துவையுங்கள், வியர்க்காத நாளில் துவைக்காமல் காற்றில் போட்டு எடுத்தாலே போதும். துணி நைவதில் சலவைக்கும் நல்ல பங்கு உண்டு.


கணக்குப்பிள்ளை_9:

பையனின் கால்சட்டையைக் கீழே பிரித்துவிட்டுக் கொடுத்தேன், உள்ளே ஒன்றரை அங்குலம் மடிப்பு இருந்தது. பழைய மடிப்பின் கோடு மட்டும் வெளுத்துத் தெரிகிறது. அதற்கு ஏதாவது வழி உண்டா அம்மா?


ஊசிமுனை:

வெளுத்த கோடு முழுசாகப் போகாது. அந்தக் கோட்டின் மேலேயே அதே நிற நூலில் இரண்டு வரிசை மெஷின் தையல் ஓட்டிவிடுங்கள், வேண்டுமென்றே போட்டது மாதிரி இருக்கும். பையனிடம் சொல்லாதீர்கள், அவன் கவனிக்கமாட்டான்.


மடிப்பு_கலையாதவள்:

அக்கா, ஒட்டு வெட்டி வைத்துவிட்டேன். கறுப்பு நூலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நூல் ரொம்பக் கறுப்பாகவும் டாப் ஏதோ பழைய சிலேட்டு மாதிரியும் தெரிகிறது. இத்தனை வெளுத்திருக்கிறது என்று இதுவரை கவனிக்கவே இல்லை.


ஊசிமுனை:

கரும்சாம்பல் நூல் எடு. வெளுத்த கறுப்புக்கு அதுதான் சேரும்.